வீட்டிலேயே ஒட்டு நகம்: நம்ம ஊர் ஈரத்துக்கும் மீன் கறிக்கும் தாங்குகிற மாதிரி

பார்லரில் நெயில் எக்ஸ்டென்ஷன் வைக்க நாகர்கோவிலில் கேட்கிற காசுக்கு ஒரு சுமாரான சேலை எடுத்துவிடலாம். அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. நம் சொந்த நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், இரண்டு மூன்று வாரத்தில் அடியில் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும், திரும்பப் போய் உட்கார வேண்டும், திரும்பக் காசு. ஒரு கல்யாண வீடு, ஒரு நிச்சயம், கோட்டாறு சவேரியார் திருவிழா என்று வருஷத்தில் நாலைந்து தடவை கை அழகாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இது வேண்டாத செலவு. ஐநூறு ரூபாய்க்குள் எல்லாச் சாமானும் வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம், கழற்றி வைத்து அடுத்த விசேஷத்துக்கும் போடலாம்.

ஆனால் வீடியோவில் காட்டுகிற மாதிரி பசையைத் தடவினோம், ஒட்டினோம், முடிந்தது என்று செய்தால் பந்தியில் உட்காரும்போதே ஒன்று கழன்று சோற்றில் கிடக்கும். அந்த வீடியோ எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் இருக்கிறார்கள். நமக்கோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, கடல்காற்று வேறு, போதாததற்குத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய். நூறு ரூபாய் நகமும் பத்து நாள் நிற்கும், ஆயிரம் ரூபாய் நகமும் அரை நாளில் விழும். ஒட்டுவதற்கு முன்னால் சொந்த நகத்தை எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு காய்ந்ததாக வைத்திருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

மொத்தம் மூன்று வழி இருக்கிறது. பொடியும் திரவமும் குழைத்து வைக்கிற அக்ரிலிக், விளக்கில் காட்டி இறுக்குகிற ஜெல், அப்புறம் ரெடிமேடாக வரும் பிளாஸ்டிக் நகத்தை ஒட்டுவது. வீட்டில் செய்ய மூன்றாவதைத்தான் சொல்வேன். அக்ரிலிக்கில் மலிவான திரவங்களில் எம்எம்ஏ என்கிற ரசாயனம் இருக்க வாய்ப்புண்டு. நகத்துக்கு அது ஆகாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1970-களிலேயே நடவடிக்கை எடுத்தது. அது அவ்வளவு இறுகிப் பிடிக்கும், எங்கேயாவது இடித்துக்கொண்டால் செயற்கை நகம் உடையாமல் சொந்த நகம் பிய்ந்து வரும். ஜெல் விஷயம் வேறு மாதிரி. விளக்கில் சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதில் இருக்கிற அக்ரிலேட் என்ற ரசாயனத்துக்கு அலர்ஜி வரலாம், வந்தால் ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கிற பொருளிலும் இதே குடும்பத்து ரசாயனம் இருப்பதால் பிற்பாடு பல் டாக்டரிடம் போகும்போது கூடத் தொல்லை. ஜெல்லில் சேர்க்கிற டிபிஓ (TPO) என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. ஏற்கெனவே ஜெல் பாட்டில் வீட்டில் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பார்லரில் கை தேர்ந்தவர்கள் செய்வதை நான் குறை சொல்லவில்லை, விளக்கும் பாட்டிலுமாக ஒரு மலிவு கிட்டை வாங்கி வீட்டில் பழகுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, என்ன வாங்குவது. டிசைன் போட்ட 24 நகம் உள்ள செட் மீனாட்சிபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஃபேன்சி கடையிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். அதைவிட லாபம், டிசைன் இல்லாத வெறும் நகம் நூற்றுக்கணக்கில் அடைத்து வருகிற பெட்டி. பத்தோ பன்னிரண்டோ சைஸ் தனித்தனி அறையில் நம்பர் போட்டு இருக்கும், 0 தான் பெரியது, பெருவிரலுக்கு. ஒரு பெட்டி வாங்கினால் அக்கா, மைனி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓடும். ஆனால் பெட்டியில் 'ஃபுல் கவர்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாதி நகத்தை மட்டும் மூடுகிற வகையும் அதே மாதிரிப் பெட்டியில், அதே விலையில் வரும். அதன் மேல் அக்ரிலிக்கோ ஜெல்லோ வைத்தால்தான் முழுமையாகும், நமக்குப் பிரயோஜனம் இல்லை.

ஒட்டுவதற்கு இரண்டு வகை. ஜெல்லி மாதிரி இருபக்கமும் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்று, நெயில் குளூ என்கிற பசை இன்னொன்று. ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் விசேஷம் என்றால் ஸ்டிக்கர் போதும், கழற்றுவதும் சுலபம், சின்னப் பிள்ளைகள் அடம் பிடித்தால் அவர்களுக்கும் இதை மட்டும்தான் போட வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் நிற்க வேண்டும் என்றால் பசை. வாங்கும்போது மூடியிலேயே பிரஷ் வைத்த பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள், மூக்கு நீண்ட டியூப்பை விட அளவு கைக்குள் நிற்கும். வீட்டில்தான் ஃபெவிகுவிக் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். இரண்டும் சயனோஅக்ரிலேட் குடும்பம்தான் என்றாலும் அது உடம்பில் போடுவதற்குச் செய்ததில்லை, சட்டென்று இறுகிவிடும், கோணலாக வைத்துவிட்டால் நகர்த்த ஒரு வினாடி கூடக் கிடைக்காது.

இதோடு ஒரு நெயில் ஃபைல், நாலு பக்கமும் நாலு சொரசொரப்பு இருக்கிற பஃபர் கட்டை, முனை சீவிய மரக்குச்சி ஒன்று. கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று: ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் துடைப்பார்களே, அந்த ஆல்கஹால் ஸ்வாப். மெடிக்கல் ஷாப்பில் பாக்கெட்டாகவே கிடைக்கும், விலை ரொம்பக் கம்மி. சானிடைசர் போட்டுத் துடைத்தால் போதாதா என்றால் போதாது, கை வறளாமல் இருக்க அதில் பெரும்பாலும் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது நகத்தின் மேல் படலமாக நின்றுவிடும். வாசனையும் எண்ணெயும் சேர்த்த நெயில் பாலிஷ் ரிமூவருக்கும் இதே கதைதான்.

சைஸ் பார்ப்பதில் அவசரப்படாதீர்கள். ஒட்டு நகத்தை உங்கள் நகத்தின் மேல் வைத்து இரண்டு ஓரத்தையும் பாருங்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை மூட வேண்டும், ஆனால் பக்கத்துத் தோலின் மேல் ஏறக் கூடாது. தோலில் ஏறினால் அந்த விரல் நாள் முழுக்க விண் விண்ணென்று இருக்கும், தோல் அசையும்போதெல்லாம் அது நகத்தை மேலே தள்ளும், கழன்றுவிடும். சிறியதாக இருந்தால் இரண்டு பக்கமும் சொந்த நகம் எட்டிப் பார்க்கும், தலைமுடி மாட்டும். இரண்டு சைஸுக்கும் நடுவில் நின்றால் பெரியதை எடுத்து ஓரத்தை ஃபைல் பண்ணிக் குறையுங்கள். வலது கையும் இடது கையும் ஒரே சைஸ் என்று நினைக்க வேண்டாம், எந்தக் கையால் வேலை செய்கிறோமோ அந்தக் கை விரல் பெரும்பாலும் கொஞ்சம் அகலமாக இருக்கும். உங்கள் நகம் தட்டையாக இருந்து பிளாஸ்டிக் நகம் ரொம்ப வளைவாக இருந்தால், சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து இரண்டு விரலால் பைய அழுத்தினால் வளைவு இளகிக் கொடுக்கும். பத்தும் தேர்ந்த பிறகு மேஜையில் விரல் வரிசைப்படி அடுக்கிவையுங்கள், பசை கையில் இருக்கும்போது நம்பர் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நீளத்தையும் வடிவத்தையும் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. நகவெட்டியை நேராக வைத்து ஒரே கடியில் வெட்டினால் பிளாஸ்டிக் நடுவில் கீறல் விடும். ஒரு ஓரத்திலிருந்து சின்னதாக ஒரு கடி, அடுத்த ஓரத்திலிருந்து ஒரு கடி என்று உள்ளே வந்து, மிச்சத்தை ஃபைலால் தேயுங்கள். எவ்வளவு நீளம்? விரல் நுனியைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் போதும் என்பேன். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், சேலைக்குப் பின் குத்துகிறவர்கள், போனில் பொழுதுக்கும் டைப் பண்ணுகிறவர்கள். தோவாளைப் பக்கம் பூக்கட்டுகிற வீடுகளில் நீள நகம் ஒரு மணி நேரம் கூடத் தாங்காது, ஒவ்வொரு முடிச்சுக்கும் நூல் அதில் மாட்டும். போட்டோவுக்காக நீளமாகத்தான் வேண்டும் என்று மணப்பெண் ஒற்றைக் காலில் நின்றால் நில்லட்டும், ஆனால் சேலை கட்டிவிட, பின் குத்த, குண்டூசி எடுக்க இன்னொரு ஆளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் நகம் வாங்கியவர்கள் பாலிஷையும் முன்பே போட்டுவிடலாம். பழைய ஸ்கேலிலோ ஐஸ் குச்சியிலோ இருபக்க டேப் ஒட்டி, அதன் மேல் நகங்களை வரிசையாகப் பதித்து, மெல்லிய இரண்டு பூச்சு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. மழைக்காலத்தில் காய நேரம் பிடிக்கும், ராத்திரியே போட்டு விட்டுவிடுங்கள். கலர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: முனையில் வெள்ளை வைக்கிற ஃபிரெஞ்ச் டிசைன், மோதிரம் மாற்றும் போட்டோவில் அவ்வளவு அழகாக வரும், ஆனால் ஒரே ஒரு வேளை சாளைக் கறி ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் வலது கை ஐந்து விரலும் மஞ்சள் பூத்துவிடும். பாலிஷுக்கு மேல் பூசுகிற நிறமில்லாத டாப் கோட் போட்டிருந்தால் கொஞ்சம் தாங்கும், அப்போதும் அடிப்பக்கம் மஞ்சள் ஏறத்தான் செய்யும். வீட்டில் போட்டுத் திரிய வேண்டும் என்றால் மெரூன், பிரவுன், செங்கல் நிறம் மாதிரி எதையாவது எடுங்கள், மஞ்சள் தெரியாது.

இப்போது முக்கியமான வேலை, சொந்த நகத்தைத் தயார் பண்ணுவது. இதில் பாதியை முந்தின நாள் சாயங்காலமே முடிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் கையை ஊறவைத்து, நகம் தோலிலிருந்து புறப்படும் இடத்தில் அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை மரக்குச்சியால் பின்னுக்குத் தள்ளுங்கள். வெட்டாதீர்கள், தள்ளினால் போதும். அதை ஏன் முந்தின நாளே என்றால், நகம் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் கொஞ்சம் விரியும், காயும்போது சுருங்கும். விரிந்த நகத்தின் மேல் ஒட்டினால், அது சுருங்கும்போது பசைக்கும் நகத்துக்கும் நடுவில் பிடிப்பு விட்டுப்போகும். குளித்துவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, துணி துவைத்துவிட்டு உடனே ஒட்டுகிறவர்களுக்கு மறுநாளே கழல்வது இதனால்தான். தண்ணீரில் கை வைத்து ஒரு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மருதாணி போடுகிறவர்கள் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்னால் மருதாணி, அது சிவக்கத் தடவுகிற எண்ணெய் எல்லாம் போன பிறகு, கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி நகம். மாற்றிச் செய்தால் மருதாணியைச் சுரண்டி எடுக்கும்போது நகமும் கூட வரும்.

ஒட்டுகிற நேரம் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், பஃபர் கட்டையின் மெல்லிய சொரசொரப்புப் பக்கத்தால் ஒவ்வொரு நகத்தையும் நாலைந்து இழுப்பு இழுங்கள். பளபளப்பு போய் மங்கலாக, சாக்பீஸ் தடவினது போல் ஆனால் போதும். நகம் சூடாகிற அளவுக்குத் தேய்த்தால் அது தேய்மானம். நகம் மெலிந்தால் வளர்ந்து மாறத்தான் வேண்டும், முழு நகம் மாற ஆறு மாதம் ஆகும். ஒட்டு நகத்தின் உட்பக்கத்தையும் லேசாக உரசிக்கொள்ளுங்கள், வழவழப்பான பிளாஸ்டிக்கில் பசை வழுக்கும். அப்புறம் ஸ்வாப் எடுத்து நகத்தின் மேல், இரண்டு ஓரம், அடித்தோல் மடிப்பு என்று அழுத்தித் துடைத்து, காற்றில் காயவிடுங்கள். அதற்குப் பிறகு முகத்தைத் தொடக் கூடாது, தலையைக் கோதக் கூடாது. கூந்தலை முதலிலேயே கட்டி வைத்துவிடுங்கள், நெற்றியில் விழுகிற ஒரு முடியை ஒதுக்கினாலே விரல் நுனியில் எண்ணெய் வந்துவிடும்.

ஃபேனை நிறுத்துங்கள், வெளிச்சம் விழுகிற இடத்தில் மேஜையில் பழைய பேப்பர் விரித்து உட்காருங்கள். மடியில் பருத்தித் துணி விரிக்காதீர்கள், பருத்தியில் இந்தப் பசை கொட்டினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும், பஞ்சால் துடைக்கவும் கூடாது. டியூப் மூடி இறுகியிருந்தால் பல்லால் கடித்துத் திறக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, இதில் மட்டும் வேண்டாம். கண் மருந்து பாட்டில் இருக்கிற அலமாரியில் இதை வைக்கவும் வேண்டாம், அரைத் தூக்கத்தில் மாற்றி எடுத்தால் தீர்ந்தது. கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இமையை இழுத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

எந்தக் கை பழக்கமோ அதற்கு எதிர்க் கையில் ஆரம்பியுங்கள். சுண்டு விரலில் தொடங்கி, இரண்டு கைப் பெருவிரலையும் கடைசிக்கு விட்டுவிடுங்கள், பெருவிரலில் நீள நகம் ஏறிவிட்டால் மற்ற நகத்தைப் பிடித்து எடுப்பது பெரும்பாடு. உங்கள் நகத்தின் நடுவில் மெல்லிய ஒரு கோடு பசை, ஒட்டு நகத்தின் உள்ளே அடிப்பக்கம் ஒரு சின்னப் பொட்டு. இரண்டிலும் வைத்தால்தான் நடுவில் காற்று நிற்காது. இப்போது ஒட்டு நகத்தைச் சாய்வாகப் பிடித்து, அதன் அடி விளிம்பை உங்கள் நகம் தோலிலிருந்து புறப்படும் அந்த வளைவில், தோலை ஒரு மயிரிழை விட்டுவிட்டு வையுங்கள். அங்கே பிடித்ததும் நுனியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். வெளிப்படையான நகமாக இருந்தால் பசை அடியிலிருந்து நுனிக்குப் பரவி வருவது கண்ணுக்குத் தெரியும், பின்னால் வெள்ளைப் புள்ளி எதுவும் நிற்கவில்லை என்றால் நன்றாக விழுந்திருக்கிறது. வெள்ளையாகக் குமிழ் தெரிந்தால் அந்த இடத்தை உடனே அழுத்தி ஓரத்துக்குத் தள்ளுங்கள், விட்டுவிட்டால் பிற்பாடு தண்ணீர் போய்த் தங்குவது அந்தக் குமிழில்தான். மேலிருந்து ஒரு விரல், இரண்டு ஓரத்திலும் இரண்டு விரல் என்று பிடித்து முப்பது வரை எண்ணுங்கள். இந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும், அதனால் நம் ஊர்க் காற்றில் பாட்டிலில் போட்டிருக்கிற நேரத்தை விடச் சீக்கிரமே பிடிக்கலாம். ஒரே நேரத்தில் ஐந்து விரலுக்கும் பசை தடவி வைக்காமல் ஒவ்வொன்றாகப் போங்கள்.

ஓரத்தில் பசை பிதுங்கினால் காய்வதற்குள் மரக்குச்சி முனையால் வழித்துவிடுங்கள். இரண்டு விரல் ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம், பிய்க்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வைத்து விரலை உருட்டி உருட்டிப் பிரித்தால் வந்துவிடும்.

முடிந்ததும் இரண்டு மணி நேரத்துக்காவது தண்ணீர் படக் கூடாது. அதனால்தான் ராத்திரிச் சாப்பாடு, பாத்திரம் எல்லாம் முடித்துப் படுக்கப் போகும் முன் ஒட்டுவது உத்தமம்.

அடுத்த நாள் முதல் எதையும் நகத்தால் நெம்பாமல் இருந்தால் பாதி ஆயுசு கூடும். சோடா டின், ஸ்டிக்கர், செல்லோடேப், எல்லாவற்றுக்கும் விரல் நுனியின் சதையை உபயோகியுங்கள். மரச்சீனிக் கிழங்கில் கத்தியால் கீறிவிட்டு விரலை உள்ளே விட்டுத் தொலியை உரிப்போமே, அந்த ஒரு வேலையில் ஐந்து நகமும் எழும்பிவிடும். மீன் செதில் எடுப்பது, தேங்காய் துருவுவது இதெல்லாம் கையுறை போட்டுச் செய்யலாம், இல்லை அந்த ஒரு வாரம் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். சாப்பிட்ட பிறகு நகத்தின் அடியைப் பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தொட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள், மீன் வாடை அங்கேதான் தங்கும்.

ஒரு நகம் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டால் அந்தச் சந்தில் இன்னொரு சொட்டுப் பசை விட்டு அமுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும், அதை வைத்து மூடினால் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். அழுக்கு என்று நினைத்து மேலே பாலிஷ் போட்டு மறைக்கிறவர்களும் உண்டு. தூக்கின நகத்தை முழுசாகக் கழற்றி, கழுவி, காயவைத்துப் புதிதாக ஒட்டுங்கள். பச்சையோ, வலியோ, வீக்கமோ இருந்தால் எதையும் ஒட்டாமல் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள், நகத்தைச் சுற்றிப் புண் இருக்கிறவர்கள், அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலை வேலையில் முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருக்கிறவர்கள், ஆறும் வரை இதில் இறங்க வேண்டாம். நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு நர்ஸ் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்ததுதான்: நோயாளியைத் தொட்டுக் கவனிக்கிறவர்கள் செயற்கை நகம் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுத்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. லீவில் வந்து கல்யாணத்துக்குப் போட்டால் டியூட்டிக்கு முன் கழற்றிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் அப்படியே, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி சரியாகக் காட்டாமல் போகலாம்.

கழற்றும்போது பிய்த்தால் சொந்த நகத்தின் மேல் அடுக்கு கூடவே உரிந்து வரும். ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், அதில் 15, 20 நிமிஷம் கையை வைத்துவிட்டு டிவி பாருங்கள். ஆறினால் சுடுதண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு மரக்குச்சியை ஓரத்தில் நுழைத்து, மேலே நெம்பாமல் பக்கவாட்டில் அசைத்து அசைத்துப் போங்கள், நடுநடுவே எண்ணெய் விடுங்கள். வரவில்லை என்றால் திரும்ப ஊறவையுங்கள். அசிட்டோன் வைத்தால் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் அது பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும், அந்த செட் குப்பைக்குத்தான். சட்டென்று தீப்பிடிக்கிற பொருள் வேறு, அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் வைத்து அதைத் திறக்காதீர்கள். விரலில் மிஞ்சிய பசையைச் சுரண்டாமல் பஃபரால் லேசாகத் தேய்த்து, ராத்திரியில் எண்ணெய் தடவி, அடுத்த செட்டுக்கு முன் ஒரு வாரமாவது சும்மா விடுங்கள்.

கழற்றிய நகத்தின் உட்பக்கம் ஒட்டியிருக்கிற பழைய பசையைக் குச்சியால் உரித்து, மிச்சத்தை ஃபைலால் தேய்த்துச் சமமாக்கி, சோப்பில் கழுவி, ஸ்வாப்பால் துடைத்து, காயவையுங்கள். பசை மேடு தட்டியிருந்தால் அடுத்த தடவை படியாது, அதனால் இதில் சோம்பல் கூடாது. ஒரு அட்டையில் இருபக்க டேப் ஒட்டி, இடது வலது எழுதி, விரல் வரிசையில் பதித்து டப்பாவில் போடுங்கள், அடுத்த தடவை சைஸ் பார்க்கிற வேலை இல்லை. ஆனால் ஒருவர் போட்ட செட்டை இன்னொருவர் போட வேண்டாம், தங்கச்சி எவ்வளவு கெஞ்சினாலும். பசை பாட்டிலைத் துடைத்து இறுக்கி மூடி, புது ஹேண்ட்பேக்கில் வருமே ஒரு சின்னப் பொட்டலம், சிலிக்கா ஜெல், அதோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், நம் மழைக்காலத்தில் திறந்த பாட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும். நூல் இழுக்கிற பதத்துக்கு வந்துவிட்டால் அதை வைத்து மல்லுக்கட்டாமல் புதுசு வாங்குங்கள்.